படகேறிப் போன சீனு

"உட்காருடா, இதோ வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் சீனு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு படகுத்துறை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மீன் கூடைகள் இருந்தன. வலை மூட்டைகள் இருந்தன. கட்டிப்போட்ட படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் நாயை உட்காரவைத்த இடத்தில் மட்டும் வெறும் சிமென்ட் தரை.

என் மனைவி வசந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடி இறுகியது.

ஒரு நாயைக் காணவில்லை என்பதற்கா இத்தனை பதற்றம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் விஷயம் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வசந்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது — முன்பைவிடக் கூர்மையாகத் திரும்பியது என்பது என் தனிப்பட்ட கருத்து. கையும் சரியானது. வலது கால் மட்டும் இழுத்துக்கொண்டே நின்றுவிட்டது. பிசியோதெரபிஸ்ட் தினமும் வந்தார். "நடங்கம்மா, நடந்தாத்தான் சரியாகும்" என்று கெஞ்சினார். இவளோ கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். தெருவில் இறங்கச் சொன்னால், நாலு பேர் பார்த்து உச்சுக் கொட்டவா என்று திருப்பிக் கேட்பாள். ஒரு கட்டத்தில் அந்தப் பிசியோதெரபிஸ்ட் வருவதே நின்றுபோனது. நான் கெஞ்சினேன், கத்தினேன், கோபித்துக்கொண்டு ஒரு வேளை பட்டினி கிடந்தேன். அடுத்த வேளை நானே போய்த் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

அப்போதுதான் சீனு வந்தது. மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த பழுப்பு நிறத் தெருநாய். ஒரு காது மடிந்திருக்கும். எங்கள் கேட்டுக்குள் எப்படியோ நுழைந்தது, வசந்தா போட்ட பன்னைத் தின்றது, தங்கிவிட்டது. ஒருநாள் காலையில் கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டு நின்று, திரும்பி இவளைப் பார்த்தது. இவள் வரவில்லை. அது நகரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றது. கடைசியில் இவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு, "என்னடா வேணும் உனக்கு?" என்று திட்டிக்கொண்டே கேட் வரை போனாள். மறுநாள் தெருமுனை. ஒரு மாதத்தில் கோயில் குளம்.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாலு எட்டு வைக்கும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். வசந்தா காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த நாலு எட்டு. வண்டி வரட்டும், பூனை ஓடட்டும், வேறு நாய் வம்புக்கு இழுக்கட்டும்... அசையாது. இந்தப் பொறுமை வீட்டில் வேறு ஒருவருக்கு இல்லை என்று அவள் அடிக்கடி சொல்வாள். அந்த வேறு ஒருவர் யாரென்று நான் விளக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் சீனு வயிறு சரியில்லாமல் ஒரு வாரம் படுத்துக் கிடந்தது. அந்த ஒரு வாரமும் வசந்தா வாசற்படி இறங்கவில்லை. நான் கூப்பிட்டேன். வரவில்லை. "அவன் எழுந்திரிக்கட்டும்" என்றாள். கால் மறுபடி விறைக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது புரிகிறதா? தொலைந்தது நாய் மட்டும் இல்லை. அவளுடைய காலும் சேர்த்துத்தான்.

சரி, பழவேற்காட்டுக்கு ஏன் போனோம்? அதற்குக் காரணம் நீங்கள்தான். நாயைக் கூட்டிக்கொண்டு, மூட்டுவலிக்காரர்களும் நடக்கிற மாதிரி, படிக்கட்டு இல்லாத இடம் ஏதாவது சொல்லுங்களேன் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். பார்க்குக்குப் போனால் நாய்க்குத் தடை. பீச்சுக்குப் போனால் மணலில் கால் புதைகிறது. நமக்குப் பக்கத்திலேயே பழவேற்காடு இருக்கிறதே, முதலில் நாமே நடந்து பார்த்துவிட்டு எழுதுவோம் என்று கிளம்பினேன். பத்தி எழுதுகிறவனுக்கு வாசகர் கேள்வியைவிடப் பெரிய மேட்டர் ஏது?

காலை நடை அருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்டவர்கள் கோபித்துக்கொள்வீர்கள்.

லைட்ஹவுஸ் பக்கம் போகிற பாலத்தில் காலையில் நடக்கலாம். சமதளம். இரண்டு பக்கமும் ஏரி, தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஆனால் பைக்குகள் கண்ணை மூடிக்கொண்டு வரும், நாய் ஓரமாக இருக்கட்டும். அடுத்தது டச்சுக் கல்லறைத் தோட்டம். மதில் ஓரமாக நல்ல நிழல். நுழைவாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், சீனு அவற்றைப் பார்த்து லேசாக உறுமியது. நாய் உள்ளே வரக்கூடாது என்று காவலர் சொல்லிவிட்டார். நியாயம்தான். நான் மட்டும் உள்ளே போய் வந்தேன். அப்பப்பா, எவ்வளவு பெரிய கற்கள்! பெயர், குலச்சின்னம், கப்பல், மண்டையோடு என்று இழைத்து இழைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். துணி வியாபாரத்துக்கு என்று கடல் தாண்டி வந்தவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கேயே அடங்கிவிட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று வசந்தா கேட்டாள். வியாபாரத்துக்கு வந்தவர்கள் நானூறு வருஷமாகப் படுத்திருக்கிறார்கள் என்றேன். "நான் நாலஞ்சு மாசம் படுத்ததுக்கே அந்தக் கத்து கத்தினீங்க" என்றாள்.

டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் முள்ளும்தான். அகழி மட்டும் பச்சைத் தண்ணீரோடு மிச்சமிருக்கிறது. சுற்றி வர மண்பாதை உண்டு, மேடு பள்ளம் குறைவு. ஆனால் சீமைக் கருவேல முள் கிடக்கும், நாயின் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போதும். பாதை பற்றிய தகவல் இவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு வந்தோம். அங்கேதான் வசந்தாவுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. நம் ஊரில் சுற்றுலா எங்கே தடுமாறும் என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் — இங்கேதான். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆனால் முற்றத்தில் கோழி குஞ்சு பொரித்திருக்கிறது, நாய் வேண்டாம் என்றார். சீனுவைத் துறையிலேயே உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தது.

கயிறு கட்டவில்லையா? சீனுவுக்குக் கயிறே கிடையாது. ஒருநாள் எதையாவது பார்த்து இழுத்தால் வசந்தா குப்புற விழுவாள் என்று ஆரம்பத்திலிருந்தே கட்டியதில்லை. கட்டத் தேவையும் இருந்ததில்லை. உட்கார் என்றால் உட்காரும். அவள் வரும்வரை எழுந்திருக்காது.

இழுத்து இழுத்துப் போய், இழுத்து இழுத்து வந்தோம். சீனு இல்லை.

நான் ஓடினேன். மீன் ஏலம் போடுகிற கொட்டகை, டீக்கடை, ஐஸ் பெட்டிகள் அடுக்கிய சந்து... "சீனு, சீனு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்த ஊரில் சீனு என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார்போல, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

திரும்பி வந்தபோது வசந்தா, படகோரமாக உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். பெயர் தேசிங்கு. ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார்.

"பழுப்பு நாயி, காது மடிஞ்சினு இருக்குமே, அதுவா? அத்த கன்னியம்மா தூக்கிப் படகுல போட்டுக்கினு போச்சும்மா. அது தீவு நாயி இல்லியா?"

தூக்கிக்கொண்டு போனதா? திருட்டா? எனக்கு ரத்தம் கொதித்தது. தேசிங்கு கையமர்த்திவிட்டு விவரம் சொன்னார். கேட்டதும் கொதிப்பு அடங்கி வேறு ஏதோ ஆகிவிட்டது.

ஏரிக்குள்ளே ஒரு தீவுக் குப்பம் இருக்கிறது. அங்கிருந்து கன்னியம்மா மாதிரிப் பெண்கள் நண்டும் இறாலும் கொண்டுவந்து இங்கே விற்பார்கள். அவர்களோடு அவர்கள் ஊர் நாய்களும் படகேறி வந்துவிடும். பகலெல்லாம் மீன் கொட்டகையைச் சுற்றித் தின்றுவிட்டு, படகு திரும்பும் நேரத்துக்குத் துறையில் வந்து, தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். நாயை இக்கரையில் விட்டுவிட்டுப் போவது அங்கே பெரிய தப்பு. அப்படி விட்டுப் போனால் மறுநாள் வலையில் ஒன்றும் விழாது என்பார்கள். அதனால் கடைசிப் படகில் போகிறவர்கள், துறையில் எந்த நாய் மிச்சம் உட்கார்ந்திருந்தாலும் வயிற்றில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். யார் வீட்டு நாய் என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஊருக்குப் போனால் அது அது தன் வீட்டைத் தேடிப் போய்விடும்.

எங்கள் சீனு என்ன செய்தது? கடைசிப் படகு கிளம்பும் நேரத்தில், துறையில், தண்ணீரைப் பார்த்தபடி, சாதுவாக உட்கார்ந்திருந்தது. தூக்கியபோது கடிக்கவும் இல்லை. யார்தான் தீவு நாய் என்று நினைக்க மாட்டார்கள்?

எனக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. அவ்வளவுதானே! பத்திரமாகப் பெண்கள் கையில் இருக்கிறது. ஒரு படகைப் பிடித்துப் போய் அழைத்துவந்தால் ஆயிற்று. "உன் பையன் தீவுக்கு டூர் போயிருக்கான்" என்றேன்.

வசந்தா சிரிக்கவில்லை. "அந்த அம்மாவுக்கு போன் போடுங்க" என்று தேசிங்குவிடம் சொன்னாள்.

போட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை எடுத்ததும் ஸ்பீக்கரில் காற்றுதான் முதலில் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அண்ணா, அந்த நாயி பாதி வழில குதிச்சிடுச்சுண்ணா."

என் சிரிப்பு அப்படியே நின்றது.

கன்னியம்மா சொன்னது இதுதான். கொஞ்ச தூரம் சும்மா இருந்த நாய், கரை தள்ளிப் போகப் போக எழுந்து நின்று ஊளையிட ஆரம்பித்தது. அப்போதுதான் இது நம் ஊர் நாய் இல்லையோ என்று இவர்களுக்குச் சந்தேகம். திருப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே குதித்துவிட்டது. நீந்திப் போய்ப் பக்கத்திலிருந்த ஒரு சேற்றுத் திட்டில் ஏறிக்கொண்டது. இவர்கள் படகை நெருக்கினால் பல்லைக் காட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போகிறது. திட்டுக்குப் பின்பக்கம் ஓடை. ஆழம். முகத்துவாரத்திலிருந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற வழி அது, இழுப்பு அதிகம்.

"கிட்ட போனா ஓடைல வுழுந்துடும்போல கீதுண்ணா. தள்ளி நின்னுனு கீறோம். ஏத்தம் ஏறிக்கினு கீது, சீக்கிரம் யாரையாவது வரச் சொல்லு."

ஏத்தம் என்றால் கடல் ஏறுவது. தேசிங்கு எங்களுக்கு விளக்கவில்லை, தேவையும் இல்லை. அவர் வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்த வேகத்திலேயே புரிந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் அந்தத் திட்டு தண்ணீருக்குள் போய்விடும்.

நான் வருகிறேன் என்றேன். நானும் என்றாள் வசந்தா.

தேசிங்கு வேண்டாம் என்றார். "வாடக்காத்து எயிந்துடுச்சும்மா. படகு ஆடும். உங்க காலுக்கு ஆவாது."

"இவருகிட்ட அவன் வர மாட்டான்" என்றாள் அவள்.

உண்மைதான். நான் கூப்பிட்டால் சீனு வாலை ஆட்டும். மரியாதைக்கு. வருமா என்றால், முதலில் அவள் முகத்தைப் பார்க்கும்.

அத்தனை பேர் எதிரில் நான் அவளைத் திட்டினேன். உனக்கென்ன பைத்தியமா, தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவள், நீச்சல் தெரியாது, ஒரு கால் வேறு இப்படி, நாய்க்காகப் போய்ச் சாகப்போகிறாயா என்று கேட்டேன். பயத்தில் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு நாக்கில் எலும்பே கிடையாது. அவளோ துறையின் விளிம்பில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படகுப் பக்கம் போட்டாள். அதற்கப்புறம் யார் என்ன பேசுவது? தேசிங்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். படகில் ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட் இருந்தது. அதை அவளுக்கு மாட்டிவிட்டார். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டாள்.

காலையில் பார்த்த ஏரிதானா இது? அப்போது எண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது. இப்போது குறுக்கும் நெடுக்குமாக அலை. தண்ணீர் முகத்தில் அடித்தது. படகு ஒவ்வொரு தடவை எழும்பி விழும்போதும் வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொள் என்று நீட்டினேன், பிடித்துக்கொண்டாள். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

தூரத்தில் கன்னியம்மாவின் படகு நின்றது. அதில் இருந்த பெண்கள் கையை நீட்டிக் காட்டினார்கள்.

பார்த்தேன். எங்கள் வீட்டு மொட்டைமாடி அளவுக்கு ஒரு சேற்றுத் திட்டு. அதன் மறுகோடியில், ஓடைப் பக்கமாக, சீனு உட்கார்ந்திருந்தது. நாங்கள் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு. உட்காருடா என்றால் எப்படி உட்காருமோ, அதே உட்கார்தல்.

திட்டுக்கு முன்பே தண்ணீர் குறைந்துவிட்டது. படகு அடிதட்டி நின்றது. மோட்டாரைத் தூக்கிவிட்டு, கழியை ஊன்றிப் பார்த்தார் தேசிங்கு. இதற்கு மேல் போகாது, முழங்கால் தண்ணீர், அடியில் சேறு, இறங்கித்தான் போகணும் என்றார்.

நான் இறங்கினேன். சும்மா இறங்கவில்லை, குதித்தேன். "மெதுவா போ சார்" என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. "சீனு, வாடா, வாடா" என்று கத்திக்கொண்டு, கையை வீசிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு ஓடினேன். மூன்றாவது எட்டில் ஒரு கால் தொடை வரை இறங்கியது. குப்புற விழுந்தேன். எழுந்து, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டுப் பார்த்தால்... சீனு எழுந்து நிற்கிறது. பின்னால் போகிறது. மத்தியானத்திலிருந்து யார் யாரோ தூக்கி, யார் யாரோ துரத்தி, இப்போது சேறு பூசிய உருவம் ஒன்று கத்திக்கொண்டு வருகிறது. நானாக இருந்தாலும் பின்னால்தான் போவேன்.

அதன் பின்னங்கால்கள் ஓடைத் தண்ணீரில் இறங்கிவிட்டன. இழுப்பில் ஒரு கால் வழுக்கியது. திரும்ப ஊன்றிக்கொண்டது.

"சார், நில்லு. அசையாத நில்லு."

நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு அசையாமல் நான் நின்றதில்லை. மூச்சுவிட்டால்கூட அது பின்னால் போய்விடும் என்று தோன்றியது. காற்று அடித்தது. திட்டின் ஓரம் கண்ணெதிரிலேயே கரைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் தண்ணீர் சளப்பென்றது. திரும்பிப் பார்க்கவும் பயம். தேசிங்குவின் கழியை ஊன்றிக்கொண்டு வசந்தா என்னைத் தாண்டிப் போனாள். ஒரு கை தூரத்தில் பின்னாலேயே வந்த தேசிங்குவை, என் பக்கத்தில் வந்ததும் நிற்கச் சொல்லிவிட்டாள். அவரும் என்னோடு நின்றார்.

அவள் கத்தவில்லை. ஓடவில்லை, ஓட முடியாது. இடது காலை வைப்பாள், கழியை ஊன்றுவாள், வலது காலைச் சேற்றிலிருந்து பிடுங்குவாள். அது லேசில் வராது. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல்லைக் கடித்து இழுப்பாள். சத்தத்தோடு வெளியே வரும். மறுபடி இடது கால். எங்கள் தெருவில் நடக்கும்போது எந்தக் குரலில் பேசுவாளோ, அதே குரலில் பேசிக்கொண்டே போனாள்.

"வர்றேன்டா. வந்துட்டுத்தான் இருக்கேன். என்ன அவசரம் உனக்கு?"

சீனுவின் காது நிமிர்ந்தது. பின்னால் போவது நின்றது.

நாலு எட்டு. நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி நாலு எட்டு. சீனு பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் முன்னங்கால்களைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அப்போதும் அது ஓடி வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் வந்து சேரும்வரை நகரக்கூடாது. முழுகினாலும் நகராது!

திட்டில் ஏறுகிற இடத்தில் அவள் விழுந்தாள். கழி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் அலறிவிட்டேன். தேசிங்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், இல்லையென்றால் ஓடியிருப்பேன். கன்னியம்மாவின் படகிலிருந்து யாரோ சாமி பெயரைச் சொல்லிக் கும்பிடும் சத்தம் கேட்டது. சீனு குரைத்தது. ஒரே ஒரு தடவை.

"குரைக்காதே. எழுந்திரிக்கிறேன் இரு" என்றாள் வசந்தா.

எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டு, கைகளை ஊன்றி, குழந்தை தவழ்கிற மாதிரி அந்தச் சேற்றில் தவழ்ந்தாள். என் மனைவி. நாலு பேர் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள் என்று வாசற்படி இறங்காதவள். ஒரு படகு நிறைய ஜனம் பார்க்க, தவழ்ந்து தவழ்ந்து போய் அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண்ணை மறைத்தது. அதனால் அடுத்து என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. திட்டியது மட்டும் கேட்டது. அந்தத் திட்டுகளை இங்கே எழுத ஆசிரியர் விடமாட்டார்.

பிறகு சீனுவின் முதுகில் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். சீனு படகைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. நாலு எட்டு வைத்தது. நின்றது. திரும்பிப் பார்த்தது.

நாங்கள் படகில் ஏறிய பிறகு கன்னியம்மா தன் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டவைத்தார். நாற்பது வயதிருக்கும். அழுதிருந்தார். எங்கள் ஊர் நாய் என்றுதான் தூக்கினேன், துறையில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, இப்படி ஆகும் என்று தெரியாது, மன்னித்துவிடும்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வசந்தாவின் பற்கள் குளிரில் தந்தியடித்துக்கொண்டிருந்தன. "விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதானே தூக்கினீங்க? அதுல என்ன தப்பு?" என்றாள். பிறகு, உங்கள் ஊர் நாய்கள் படகில் பயப்படாதா என்று விசாரித்தாள். கன்னியம்மா சிரித்துவிட்டார். ஒரு பாலித்தீன் பையில் நண்டுகளைப் போட்டு, வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, என் மடியில் வைத்தார். கரை வரை அவை பைக்குள் கீறிக்கொண்டே வந்தன. பின்னால் திரும்பிப் பார்த்தேன். திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் நெளிந்தது.

மறுநாள் காலை சீனு எழுந்திருக்கவில்லை. சேற்றுக்குள் இருந்த ஆளிச் சிப்பியின் ஓடு முன்பாதத்தைக் கிழித்திருந்தது. ஈரத்தில் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் கட்டுப்போட்டுவிட்டு, பத்து நாள் நடக்க விடாதீர்கள் என்றார்.

பத்து நாள்! எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கே கால் விறைத்ததே. அவளோ சேற்றில் இழுத்த இழுப்பில் உடம்பெல்லாம் வலி என்று படுத்திருந்தாள். கூப்பிடலாமா, கூப்பிட்டால் சண்டை வருமா என்று யோசித்தபடியே மத்தியானம் வரை சுற்றிச் சுற்றி வந்தேன். கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை காபி போட்டு எடுத்துக்கொண்டு போனால் கட்டில் காலி. நாற்காலி காலி. சீனு கட்டுப்போட்ட காலை நீட்டியபடி வாசலில் படுத்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட் திறந்திருந்தது. கைத்தடி இல்லை.

வெளியே ஓடினேன். தெருவில் இல்லை. முனையில் இல்லை. கோயில் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று திரும்பினால், குளத்துப் பக்கமிருந்து திரும்புகிற வளைவில் வந்துகொண்டிருந்தாள். தனியாக. கொஞ்சம் நடப்பதும், நிற்பதும், மூச்சு வாங்குவதும், மறுபடி நடப்பதுமாக. எதிர்வீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் காபி டம்ளரோடு நடுத்தெருவில் நின்றேன். என்ன கேட்பது? நீயா, தனியாகவா, எப்படி...

பக்கத்தில் வந்தாள். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போச்சு என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பத்தியை இத்தனை வருஷமாக முதலில் படிக்கிறவள், எனக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாதா?

"அவனால வர முடியல. நான் போயிட்டு வந்தேன். அவ்ளோதான். இதைப் போய்ப் பெரிசா எழுதிடாதீங்க."

பெரிதாக எழுதவில்லை.